முகப்பில் நின்றால் கொல்லை தெரியும்

போன தை மாதம் பள்ளத்தூரில் எங்கள் உறவில் ஒரு மணிவிழா. பந்தி, பலகாரம், வந்தவர் போனவர் எல்லாம் குறையில்லாமல் நடந்தது, குறை ஒரு கேமராவில் இருந்து வந்தது. யூடியூபில் பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் ஒரு தம்பி, "ஐயா, வீட்டைக் கொஞ்சம் எடுத்துக்கிறேன்" என்று கேட்க, பெரியப்பாவும் பெருமையில் சரி என்றுவிட்டார். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், சுவர் நிறைய மாட்டியிருக்கும் முன்னோர் படங்கள், இதுவரைக்கும் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அந்தத் தம்பி மாடிக்குப் போய், பூட்டாமல் கிடந்த ஒரு மரப்பெட்டியில் இருந்து பழைய பேரேட்டை எடுத்து, 1936-இல் எந்த வீட்டார் என்ன நகையை வைத்து எவ்வளவு வாங்கினார்கள் என்று பெயரோடு கேமராவுக்கு வாசித்துக் காட்டிவிட்டார். அந்த வீட்டாரின் பேரன் இன்றைக்கும் அதே தெருவில் மூன்று வீடு தள்ளித்தான் இருக்கிறார். விழாவுக்கு வந்து சாப்பிட்டுவிட்டும் போயிருந்தார்.

வீடியோ வெளியான அன்று ராத்திரி வீட்டில் ஒரே சத்தம். போனில் அந்தத் தம்பி, "நீங்கதானே ஐயா எடுக்கச் சொன்னீங்க, இதெல்லாம் பத்திரிகைச் சுதந்திரம்" என்கிறார். இந்தப் பக்கம் என் சித்தப்பா மகன், "தனியுரிமைன்னு ஒண்ணு இருக்குல்ல, கேஸ் போடுவோம்" என்று குதிக்கிறான். ஆளுக்கொரு பெரிய வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்களே தவிர, அதற்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்கு அரைகுறைதான். அப்புறம் உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதுகிறேன், சட்டம் படிக்காத ஒருவன் இன்னொருவருக்குச் சொல்கிற மாதிரி.

முதலில் ஒரு வேடிக்கை. இந்திய அரசியலமைப்பை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஓர் உரிமை எழுதியிருக்காது, தனியுரிமை என்றும் எழுதியிருக்காது. இரண்டுமே வேறோர் உரிமையின் வீட்டில் குடியிருக்கின்றன. பத்திரிகைச் சுதந்திரம் 19-ஆவது பிரிவில், பேச்சு மற்றும் கருத்துச் சுதந்திரத்தோடு. தனியுரிமை 21-ஆவது பிரிவில், உயிரும் தனிமனித சுதந்திரமும் சம்பந்தப்பட்ட இடத்தில். குடிவைத்தது நீதிமன்றங்கள்.

பத்திரிகைக்கு அந்த இடம் உடனே கிடைத்துவிட்டது. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய் வாரப் பத்திரிகை நம் மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று அன்றைய மதராஸ் அரசு தடை போட, 1950-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அச்சடிக்க விட்டுவிட்டு விற்க விடாமல் செய்தால் அது என்ன சுதந்திரம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். தனியுரிமை அப்படி இல்லை, வாசலிலேயே நெடுநாள் நின்றது. ராத்திரியில் வந்து கதவைத் தட்டும் போலீஸ் கண்காணிப்பை எதிர்த்து கரக் சிங் என்பவர் போட்ட வழக்கில், 1962-இல், அந்தக் கதவு தட்டும் வேலை கூடாது என்ற நீதிபதிகளே, ஆனால் தனியுரிமை என்று ஓர் அடிப்படை உரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். நீதிபதிகள் சுப்பா ராவ், ஷா இருவர் மட்டும் பெரும்பான்மையோடு ஒத்துப்போகவில்லை. இடையில் சில தீர்ப்புகள் வேறு மாதிரி பேசினாலும், கேள்வி முழுதாகத் தீர 2017 ஆகஸ்ட் 24 வரை ஆனது. ஆதார் வழக்கையொட்டி ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து, ஆமாம், தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். புட்டசாமி வழக்கு என்று அடிக்கடி காதில் விழுவது இதுதான்.

இதில் இருந்து இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று, 19-ஆவது பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் உரியது, அச்சகமும் அடையாள அட்டையும் வைத்திருப்பவருக்கு மட்டும் அல்ல. ஆகவே அந்த யூடியூப் தம்பி "பத்திரிகைச் சுதந்திரம்" என்றது முழுப் பொய் இல்லை, நாளிதழ் ஆசிரியருக்கு உள்ள அதே உரிமை அவருக்கும் உண்டு, அதே பொறுப்பும் உண்டு. இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம், பலர் கவனிக்காதது. பேச்சு சுதந்திரத்தை எந்தெந்தக் காரணத்துக்காக அரசு சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று அதே பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, பொது ஒழுங்கு, நாட்டின் பாதுகாப்பு என்று போகும் அந்தப் பட்டியலில் தனியுரிமை என்ற சொல் இல்லை. அதனால்தான் இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு கிழிக்கும் வேலை ஒவ்வொரு வழக்காக நீதிமன்றத்தில் நடக்கிறது. ஸ்கேல் வைத்து அளக்கிற கோடு எங்கேயும் இல்லை.

சரி, தனியுரிமை என்றால் என்ன? எங்கள் பக்கத்து ஆளுக்குச் சொல்வதாக இருந்தால் நான் வீட்டையே காட்டுவேன். செட்டிநாட்டு வீட்டின் வாசலில் நின்று பார்த்தால் முகப்பு, வளவு என்கிற உள்முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன் பின் ஒன்றாகக் கதவுகள் ஒரே நேர்கோட்டில் போய் கொல்லைவாசல் வரை தெரியும். தெரிகிறது என்பதற்காக யாரும் உள்ளே போய்விடுவதில்லை. திண்ணையில் வழிப்போக்கனும் உட்காரலாம். முகப்பில் கணக்கு பேச வந்தவர் உட்காருவார். வளவுக்குள் வர உறவும் அழைப்பும் வேண்டும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும் ஒன்று, அதற்குள் சொந்த அண்ணன்கூட கேட்காமல் நுழைய மாட்டார். அறைக்குள் குற்றம் எதுவும் நடக்கவில்லை, மறைக்கிற ரகசியமும் இல்லை. யார் எதுவரை வரலாம் என்பதை அந்த வீட்டில் இருப்பவர் முடிவு செய்கிறார், அவ்வளவுதான். தனியுரிமை என்பதும் அதேதான். "தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்களிடம், உங்கள் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று கேட்டால் போதும்.

பெரியப்பா "எடுத்துக்கோ" என்று சொன்னது வளவு வரைக்கும்தான். பெட்டி திறப்பதற்கும் சேர்த்து அது சம்மதம் ஆகாது. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்குச் செல்லாது என்பது இந்த விஷயத்தில் பாதிப் பாடம்.

இந்த உரிமை பேச்சுக்கு வந்ததே கேமராவால்தான். 1890-இல் அமெரிக்காவில் வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள், கையில் எடுத்துப்போகிற கேமராவும் வம்பு விற்கும் செய்தித்தாளும் சேர்ந்து வீட்டுக்குள் புகுந்துவிட்டன என்று புலம்பி, மனிதனைச் சும்மா இருக்க விடும் உரிமை ஒன்று வேண்டும் என்று ஒரு சட்ட இதழில் எழுதினார்கள். செல்போன் காலத்துக்கும் அந்தப் புலம்பல் அப்படியே பொருந்தும்.

இனி மறுபக்கம். பத்திரிகை யார் வீட்டுக்குள்ளும் எட்டிப்பார்க்காமல் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். தோன்றினால், 1994-க்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் பத்திரிகை படித்தவர் யாரும் மறக்காத பெயர் ஆட்டோ சங்கர். தூக்குத் தண்டனைக் கைதி. சிறையில் இருந்தபடியே அவர் தன் வாழ்க்கையை எழுத, அதை நக்கீரன் தொடராக வெளியிடப்போவதாக அறிவித்தது. உயர் அதிகாரிகள் சிலருக்கும் தனக்கும் இருந்த தொடர்புகளை அவர் எழுதியிருக்கிறார் என்று பேச்சு. உடனே சிறைத்துறைத் தலைமை அதிகாரியிடம் இருந்து பத்திரிகைக்குக் கடிதம் வருகிறது: இது அவர் எழுதியதே இல்லை, வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம். ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1994 அக்டோபர் 7-ஆம் தேதி நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, தனியுரிமையும் பத்திரிகையும் மோதும்போது இந்தியாவில் எல்லோரும் முதலில் புரட்டுகிற தீர்ப்பு. தமிழ்நாட்டில் ஒரு வாரப் பத்திரிகைக்கு வந்த மிரட்டலில் பிறந்தது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு.

அந்தத் தீர்ப்பு என்ன சொல்கிறது? ஒவ்வொரு குடிமகனுக்கும் தன் குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு, படிப்பு இவற்றை எல்லாம் தனக்கென்று வைத்துக்கொள்ள உரிமை உண்டு. சம்மதம் இல்லாமல் எழுதினால், எழுதியது உண்மையாகவே இருந்தாலும், புகழ்ந்தே எழுதியிருந்தாலும் வழக்கைச் சந்திக்க வேண்டிவரும். இந்த "உண்மையாகவே இருந்தாலும்" என்பதில்தான் பலரும் சறுக்குவார்கள். அவதூறு வேறு, தனியுரிமை வேறு. பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது அவதூறு. உண்மையையே சொல்லி அவர் அறைக் கதவைத் திறந்துவிடுவது தனியுரிமை மீறல். "இருக்கிறதைத்தானே எழுதினேன்" என்ற சால்ஜாப்பு இரண்டாவதில் எடுபடாது.

இதற்கு விலக்குகளும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கின்றன. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் ஏற்கெனவே பதிவாகிவிட்ட விஷயத்தை வெளியிடலாம். ஆட்டோ சங்கரின் கதையைப் பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு அவர் சம்மதம் இல்லாமலேகூட எழுதலாம் என்றார்கள், அதைத் தாண்டிப் போனால் விளைவைப் பத்திரிகை ஏற்க வேண்டும். ஆனால் பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியே வரக்கூடாது. அடுத்து, அதிகாரிகள். பொது ஊழியர் தன் பதவி வேலையைச் செய்த விதம் பற்றி எழுதினால், "என் தனியுரிமை போச்சு" என்று அவர் வர முடியாது. எழுதியது பொய், உண்மையா என்று பார்க்கக்கூட மெனக்கெடாமல் எழுதினார்கள் என்று அவர் நிரூபித்தால்தான் உண்டு. முறையாக விசாரித்து எழுதியிருந்தால் சின்னத் தவறு பத்திரிகையைத் தண்டிக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, அரசும் அதிகாரிகளும் வெளிவருவதற்கு முன்பே ஒரு கட்டுரையை நிறுத்த முடியாது. வந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம். சங்கரை 1995 ஏப்ரலில் சேலத்தில் தூக்கிலிட்டார்கள், அவர் பெயரால் வந்த சட்டம் இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு என் சித்தப்பா மகன், "அப்போ பதவியில் இருக்கிறவன் வீட்டுக்குள்ளே எல்லாம் போகலாமா?" என்றான். போக முடியாது. ஏதோ ஓர் ஊர், ஒரு பேரூராட்சித் தலைவர் என்று வைத்துக்கொள்வோம். ஊருணிக்கரையை வளைத்து வீடு கட்டிவிட்டார். சர்வே எண், அனுமதி வாங்கினாரா இல்லையா, எத்தனை அடி உள்ளே போயிருக்கிறது, தெருவில் நின்று எடுத்த படம், எல்லாம் எழுதலாம், எழுதத்தான் வேண்டும், ஊருணித் தண்ணீர் ஊருடையது. அவர் மகளின் விவாகரத்தை எழுதக்கூடாது. அதே மகளுக்கு அலுவலகத்தில் வேலை போட்டுக்கொடுத்திருந்தால் நியமனம் செய்தி, விவாகரத்து அப்போதும் செய்தி இல்லை. அவருக்கு இருதய ஆபரேஷன் என்றால் அது அவர் குடும்பத்து விஷயம். ஆறு மாதம் அவர் வராமல், வேறு யாரோ அவர் பெயரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கையெழுத்து ஊர் விஷயம். அப்போதும் ஸ்கேன் ரிப்போர்ட் தேவையில்லை.

இது கற்பனைக் கணக்கு என்றாலும் நாம் நிஜமாகவே இதைப் பெரிய அளவில் பார்த்தவர்கள்தான். 2016 செப்டம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது, அறிக்கைகளில் வந்த நாலு வரி போக மீதி எல்லாம் வதந்தி. வதந்தி பரப்பியதாகச் சிலரைக் கைதும் செய்தார்கள். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி ஊர் பேசக்கூடாது என்பது நியாயம். ஆட்சி யார் கையில் இருக்கிறது என்று கேட்பதும் நியாயம். என் கருத்து, அன்றைக்கு இரண்டாவது நியாயத்தை முதல் நியாயத்தின் பின்னால் ஒளித்துவைத்துவிட்டார்கள். நோயின் பெயர் வேண்டாம், கோப்பில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் பாதி வதந்தி பிறந்திருக்காது.

ஊர் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது வேறு, ஊருக்குத் தெரிந்தாக வேண்டியது வேறு. பொதுநலன் என்று சட்டம் சொல்வது இரண்டாவதை. முதலாவதை வைத்துப் பிழைத்த பத்திரிகைக்கு நம்மிடம் பழைய உதாரணமே இருக்கிறது. 1940-களில் லட்சுமிகாந்தன் என்பவர் சென்னையில் 'சினிமா தூது' என்றும் பிறகு 'இந்து நேசன்' என்றும் நடத்தி, நடிகர் நடிகைகளின் படுக்கையறை வம்பை அச்சில் ஏற்றினார். எழுதாமல் இருக்கப் பணம் வாங்கினார் என்றும் பேச்சு உண்டு. 1944 நவம்பரில் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய், 1947-இல்தான் விடுதலை ஆனார்கள். மஞ்சள் பத்திரிகை என்றதும் பெரியவர்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். அதற்கு இருபது வருஷம் முன்னால், 1920-களில், எங்கள் காரைக்குடியில் இருந்தே ராய. சொக்கலிங்கத்தின் 'ஊழியன்', சொ. முருகப்பாவின் 'குமரன்' என்று பத்திரிகைகள் வந்தன. அவை பேசியது சீர்திருத்தம். சீர்திருத்தம் பேசினால் கல்யாணத்தையும் விதவைகளின் நிலையையும் தொடாமல் பேச முடியாது, அதாவது வளவுக்குள் நடப்பதைத்தான் பேசியாக வேண்டும். வீட்டு விஷயம் எழுதுவதே தப்பு என்று வைத்திருந்தால் அதுவும் நடந்திருக்காது. வழக்கத்தைப் பற்றி எழுதுவதும் ஓர் ஆளைப் பிடித்து எழுதுவதும் ஒன்றில்லை.

நடுவில் பேரமே இல்லாத இடங்களும் உண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயர், படம், ஊர், பள்ளி, அடையாளம் காட்டும் எதுவும் கூடாது. சிறுவர் சம்பந்தப்பட்ட வழக்கென்றால் போக்சோ சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் இன்னும் கறார். இங்கே நாம் பத்திரிகைகளையே திட்டுகிறோம், ஆனால் 2019 பொள்ளாச்சி வழக்கில் பெண்ணின் அடையாளத்தை வெளியே விட்டது காவல்துறைத் தரப்பு. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்ஐஆர் கசிந்தபோதும் அதே 25 லட்சம். இரண்டிலும் கதவு உள்ளே இருந்துதான் திறந்தது. அந்தக் கசிவை விசாரிக்கிறோம் என்று செய்தியாளர்களின் போன்களைப் பறிமுதல் செய்தபோது, அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் அதே உயர் நீதிமன்றம்தான். செய்தி சொன்னவர் யார் என்பது அந்தப் போனில் இருக்கும், அந்த ஆளுக்கும் தனியுரிமை உண்டு. இரண்டு உரிமையும் எப்போதும் எதிரெதிரே நிற்பதில்லை, சில நேரம் ஒரே போனுக்குள் இருக்கும்.

இப்போது எனக்குக் கவலை தருவது புதுச் சட்டம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம், ஒருவரின் தகவலைப் பயன்படுத்த அவர் சம்மதம் வேண்டும் என்கிறது, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கம்பெனிகளுக்கு இது வேண்டியதுதான். ஆனால் பழைய வரைவுகளில் பத்திரிகைப் பணிக்கு என்று இருந்த விலக்கை இந்தச் சட்டத்தில் காணோம். ஊருணியை வளைத்தவரிடம் போய், உங்களைப் பற்றி எழுதச் சம்மதமா என்று கையெழுத்து கேட்க முடியுமா? சட்டத்தின் பெரும்பகுதி இன்னும் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகிறது. ஆனால் அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் செய்த ஒரு திருத்தம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. முன்பு தனிநபர் தகவல் என்று ஓர் அதிகாரி மறுப்பதாக இருந்தால், அது பொது வேலைக்குச் சம்பந்தம் இல்லாதது என்றோ, தேவையில்லாமல் அந்தரங்கத்தில் நுழைவது என்றோ காட்ட வேண்டும், பெரிய பொதுநலன் இருந்தால் கொடுத்தும் ஆக வேண்டும். இப்போது அந்தப் பிரிவில் "தனிநபர் தகவல்" என்ற ஒரு வார்த்தையோடு முடிந்தது. சட்டத்தின் இன்னொரு மூலையில் பொதுநலனுக்காகக் கொடுக்கலாம் என்று ஒரு வழி மிச்சம் இருக்கிறது, ஆனால் பாரம் கேட்பவர் தலையில் ஏறிவிட்டது. நூறு நாள் வேலையில் யார் யார் பெயரில் கூலி போனது என்று கேட்டால் அதுவும் தனிநபர் தகவல்தான், செத்தவர் பெயரில் போயிருந்தாலும்.

செத்தவர் என்றதும் பேரேடு ஞாபகம் வருகிறது. அதில் இருந்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை. ஜெயலலிதா வாழ்க்கையைப் படமாக்கியதை எதிர்த்து அவர் அண்ணன் மகள் போட்ட வழக்கில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவரின் தனியுரிமை அவரோடு முடிந்துவிடும், சொத்து மாதிரி வாரிசுக்கு வராது என்றது. அதனால் சித்தப்பா மகன் சொன்ன கேஸ் அவ்வளவு சுலபமாக நிற்காது. அதோடு, ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர் வந்து, பர்மாவில் தொழில் நடந்த காலத்தில் ஊரில் வட்டி என்ன, நகைக்கு என்ன கொடுத்தார்கள் என்று அதே பேரேட்டைக் கேட்டால் நானே எடுத்துக் கொடுப்பேன், பெயர்களை விட்டுவிட்டு. அந்தத் தம்பிக்கும் பெயர் தேவைப்படவில்லை. வீடியோவுக்குக் கொஞ்சம் காரம் கூடும் என்பதைத் தவிர அந்தப் பெயரால் பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பெரியப்பா மறுநாள் அவரைக் கூப்பிட்டு, வீடியோவை எடுக்க வேண்டாம், பேரேடு வரும் இடத்தை மட்டும் வெட்டிவிடச் சொன்னார். வெட்டிவிட்டார், நல்ல பையன்தான். ஆனால் அந்தத் துண்டு அதற்குள் நாலு வாட்ஸ்அப் குழுவில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பத்திரிகையாக இருந்தால் பிரஸ் கவுன்சிலுக்காவது எழுதிப்போடலாம், அதுவும் கண்டிக்கத்தான் முடியும், அபராதம் போட முடியாது. யூடியூபுக்கு அதுவும் இல்லை.

மன்னிப்புக் கேட்கலாம் என்று நானும் பெரியப்பாவும் மூன்று வீடு தள்ளிப் போனோம். அவர் முகப்பிலேயே உட்காரவைத்து, காபி கொடுத்து, சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாங்குனதச் சொன்னது கூடப் பரவாயில்லண்ணே. ரெண்டு பக்கம் தள்ளி, மீட்டதும் எழுதியிருக்கும்ல? அதையும் வாசிக்கச் சொல்லியிருக்கலாம்."